லோக்கலுக்குப் போகும் சரக்கு

வேலூரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் சொல்லும் பழைய கிண்டல் ஒன்று உண்டு. தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் லிங்கம் திரும்பி வந்துவிட்டதால் கடைசிக் கிண்டல் காலாவதி. மற்ற மூன்றும் இன்னும் செல்லுபடி ஆகின்றன. தண்ணீர் இல்லாத ஆற்றையும் மரம் இல்லாத மலையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நடுவே பெங்களூர் ஹைவேயையும் ஓட விட்டால் மிஞ்சுவது தூசிதான். சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டில் காலையில் பெருக்கித் துடைத்தால் சாயங்காலம் டிவி மேல் விரலால் பெயர் எழுதலாம். கத்திரி வெயிலில் இன்னும் மோசம். ஆகத் தூசி எங்களுக்குச் சொந்தக்காரன் மாதிரி. சொல்லாமல் வருவான், போகச் சொன்னாலும் போக மாட்டான். நான் எழுத நினைப்பது அந்தத் தூசியைப் பற்றித்தான். ஆனால் மலையிலிருந்தும் ஹைவேயிலிருந்தும் வருவதைப் பற்றி அல்ல. வீட்டுக்குள்ளேயே பிறக்கும் பங்கைப் பற்றி.

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ ஏற்றுமதிக் கம்பெனியில் எனக்கு வேலை. தைப்பதும் ஒட்டுவதும் இல்லை, காகிதம். ஐரோப்பிய பையர், அதாவது எங்களிடம் ஷூ வாங்கும் கம்பெனிகள், ஒவ்வொருவரும் தங்கள் ஷூவில் இருக்கவே கூடாத பொருள்கள் என்று ஒரு பட்டியல் அனுப்புவார்கள். குரோமியம்-6, ஃபார்மால்டிஹைடு, தடை செய்யப்பட்ட அசோ சாயங்கள் என்று அது பக்கம் பக்கமாக நீளும். டேனரியிடமும் (தோல் பதனிடும் ஆலை) கெமிக்கல் சப்ளையரிடமும் உறுதிக் கடிதம் வாங்கி, தோல் மாதிரியை லேபுக்கு அனுப்பி, ரிப்போர்ட் வந்ததும் ஃபைலில் சேர்ப்பேன். சில வருஷமாக அந்தப் பட்டியலில் ஒரு குடும்பப் பெயர் மட்டும் மேலே ஏறிக்கொண்டே வருகிறது. பிஃபாஸ். செய்தித்தாளில் ‘என்றும் அழியாத வேதிப்பொருள்’ என்று போடுகிறார்களே, அதேதான். கார்பன் சங்கிலியில் ஹைட்ரஜன் உட்கார வேண்டிய இடங்களில் ஃப்ளோரினை உட்கார வைத்துச் செய்த பொருள்கள். 2018 கணக்குப்படி இந்தக் குடும்பத்தில் 4,700க்கு மேல் உறுப்பினர்கள். கார்பனும் ஃப்ளோரினும் பிடித்துக்கொள்ளும் பிடி கரிம வேதியியலிலேயே மிக உறுதியானவற்றுள் ஒன்று. வெயில், மழை, கிருமி எதற்கும் எளிதில் மசியாது. தண்ணீரும் ஒட்டாது, எண்ணெயும் ஒட்டாது. தோசைக்கல் வியாபாரிக்கும் ஷூ வியாபாரிக்கும் இதைவிட என்ன வேண்டும்?

ஷூவுக்கும் இதற்கும் உள்ள உறவு பழையது. 1953இல் அமெரிக்காவில் 3எம் கம்பெனியின் ஆய்வகத்தில் ஒரு ஃப்ளோரின் கலவை பாட்சி ஷெர்மன் என்ற வேதியியலாளர் அருகில் கொட்டி, ஒரு கேன்வாஸ் ஷூ மேல் தெறித்தது. கழுவிப் பார்த்தார்கள், போகவில்லை. அதைவிட முக்கியம், நாள் போகப் போக ஷூ முழுக்க அழுக்கேறியும் அந்த இடத்தில் மட்டும் அழுக்கு ஒட்டவில்லை. அவரும் சாம் ஸ்மித்தும் அதைத் துரத்திக்கொண்டு போய் உருவாக்கியதுதான் 1956இல் கடைக்கு வந்த ஸ்காட்ச்கார்ட் என்ற கறை தடுக்கும் பூச்சு. அப்புறம் சோஃபா, கார்ப்பெட், கார் சீட், மழைக்கோட்டு, பீட்சா டப்பா என்று எல்லாவற்றிலும் ஏறியது. 2000ஆம் ஆண்டு மே மாதம் அதே கம்பெனி, அந்தக் கலவையின் அடியில் இருந்த, பிஃபாஸ் குடும்பத்தின் பிஎஃப்ஓஎஸ் என்ற பொருளின் வேதியியலை நிறுத்துகிறோம் என்று அறிவித்தது. மனிதர்களின் ரத்தத்தில், விலங்குகளின் உடலில், எங்கு தேடினாலும் அது இருந்ததுதான் காரணம்.

ஆறுதல் தரும் எண்

இதைப் படிக்க ஆரம்பித்தபோது முதலில் என் கண்ணில் பட்டது, நம் ஊர்க்காரர்களுக்குச் சாதகமான ஓர் எண். 2004இல் கண்ணன் என்பவர் முதன்மை ஆய்வாளராக இருந்த ஓர் ஆய்வு வந்தது. பல நாட்டு மனிதர்களின் ரத்தத்தில் பிஎஃப்ஓஎஸ் எவ்வளவு என்று அளந்திருந்தார்கள். அமெரிக்காவிலும் போலந்திலும் ஒரு மில்லி லிட்டருக்கு 30 நானோகிராமுக்கு (ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்குதான் நானோகிராம்) மேல். இருப்பதிலேயே குறைவு இந்தியா, 3க்கும் கீழே. 2008இல் ஏழு ஆசிய நாடுகளின் தாய்ப்பாலை வைத்து வந்த இன்னொரு ஆய்விலும் அதே வரிசை. ஜப்பான் மேலே, இந்தியா அடியில்.

ஆபீசில் இதைச் சொன்னபோது எல்லோருக்கும் மகிழ்ச்சி. ‘நம்ம உடம்பு வேற மாதிரி மேடம்’ என்றார் ஒருவர். மஞ்சள், மிளகு, ரசம் என்று இன்னொருவர் பட்டியல் போட்டார். எனக்கு அந்த மகிழ்ச்சி ஒட்டவில்லை. மஞ்சளுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. 2004இல் நம் வீடுகளில் சுவரிலிருந்து சுவர்வரை கார்ப்பெட் இல்லை, கறை பிடிக்காத சோஃபா இல்லை, மைக்ரோவேவ் பாப்கார்ன் இல்லை. வாங்க வசதி வரவில்லை, அவ்வளவுதான். அந்த எண் நம் உடம்பின் பெருமை அல்ல, நாம் கடைக்குத் தாமதமாகப் போனதன் கணக்கு.

அதே நேரம் அமெரிக்காவில் என்ன நடந்தது? அங்கே அரசே 1999 முதல் மக்களின் ரத்தத்தில் இவற்றைத் தொடர்ந்து அளக்கிறது. அப்போது பிஎஃப்ஓஎஸ் சராசரி 30. தயாரிப்பு நின்றபின் அது இறங்க ஆரம்பித்து 2017–18இல் 4 சொச்சத்துக்கு வந்தது. எண்பத்தைந்து சதவீத இறக்கம். மருந்து சாப்பிட்டு இறங்கவில்லை, சரக்கு வருவது நின்றதால் இறங்கியது. பிஎஃப்ஓஎஸ் உடம்பில் பாதியாகக் குறையவே சில வருஷம் ஆகும், அதனால் இந்த இறக்கம் மெதுவானது. ஆனாலும் இறங்கியது. இருபது வருஷம் கழித்து அவர்கள், 2004இல் நாம் நின்ற படிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறார்கள். நாம் இப்போது எந்தத் திசையில் நடக்கிறோம் என்பதுதான் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. அதற்குப் பதில் ஒரு டீ நேரத்தில் கிடைத்தது.

பேரல் எங்கே போகும்?

எங்கள் பையர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. இனி வரும் சீசனிலிருந்து தோலில், நூலில், பசையில், பெட்டியில் எங்கும் ஃப்ளோரின் சரக்கு சேர்க்கக் கூடாது. காரணம் ஐரோப்பியச் சட்டம். 2026 ஜனவரி முதல் பிரான்ஸில் பிஃபாஸ் கலந்த ஆடைக்கும் ஷூவுக்கும் தடை. ஐரோப்பிய ஒன்றியமோ 2026 அக்டோபர் 10 முதல், பிஎஃப்ஹெச்எக்ஸ்ஏ என்ற வகையை ஆடையிலும் காலணியிலும் நிறுத்துகிறது. எங்களுக்குத் தோல் கொடுக்கும் டேனரியில், மழையில் நனையாத அப்பர் (ஷூவின் மேல்பகுதித் தோல்) செய்வதற்கான வாட்டர் ரிப்பெல்லண்ட், அதாவது தண்ணீரைத் தள்ளும் பூச்சு, சில பேரல் மிச்சம் இருந்தது. எல்லாம் சி-6 சரக்கு. பிஎஃப்ஓஎஸ், பிஎஃப்ஓஏ போன்ற எட்டு கார்பன் சங்கிலி கெட்ட பெயர் எடுத்தபின் அதன் இடத்துக்கு வந்த ஆறு கார்பன் சங்கிலி. இந்தச் சி-6 சிதைந்தால் மிஞ்சுவதுதான் அந்த பிஎஃப்ஹெச்எக்ஸ்ஏ. உடம்பில் எட்டைப் போல வருஷக்கணக்கில் தங்காது, ஒரு மாதக் கணக்கில் பாதியாகும். ஆனால் மண்ணிலும் தண்ணீரிலும் அதுவும் சாகாது.

பையரின் படிவத்தில் ஒரு கட்டம்: மிச்சச் சரக்கை என்ன செய்தீர்கள்? அதை நிரப்பத்தான் சப்ளையர் ஆளை வரச் சொன்னேன். நல்ல மனிதர். இருபது வருஷமாக ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று பைக்கிலேயே சுற்றுகிறவர். எந்த டேனரியில் எந்த டிரம் எப்போது ரிப்பேர் ஆனது என்றுகூடச் சொல்வார். டீயை ஊதிக்கொண்டே சொன்னார்.

‘பேரலை நாங்க திருப்பி எடுத்துக்கறோம் மேடம். ரிட்டர்ன்னு போட்டுக்கங்க.’

‘எடுத்து என்ன பண்ணுவீங்க? எரிப்பீங்களா?’

‘எரிக்கறதா? நல்ல சரக்கு மேடம். ஒன்னும் வீணாப் போகாது. லோக்கலுக்குப் போயிடும்.’

அவர் குரலில் கள்ளம் இல்லை. பொருளை வீணாக்காத மனிதரின் பெருமைதான் இருந்தது. லோக்கல் என்றால் எது என்று கேட்டேன். வரிசையாகச் சொன்னார். ஸ்கூல் ஷூ, சேஃப்டி ஷூ, பைக் சீட் கவர், லெதர் சோஃபா, சோஃபா துணிக்கு அடிக்கும் ஸ்ப்ரே. ‘இப்பல்லாம் சின்ன கடைகூட வாட்டர் ப்ரூஃப் இருக்கான்னு கேக்குறான் மேடம். முன்னாடி யாரு கேட்டா?’ ஐரோப்பா வேண்டாம் என்கிற சரக்கு இங்கே எப்படி நல்ல சரக்காகும் என்று கேட்டதற்கு, ‘அது அவங்க சட்டம். நம்ம சட்டத்துல இல்லையே’ என்றார். அதுவும் உண்மைதான். இந்தப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் 2009இல் பிஎஃப்ஓஎஸ், 2019இல் பிஎஃப்ஓஏ, 2022இல் பிஎஃப்ஹெச்எக்ஸ்எஸ் என்று பிஃபாஸ் குடும்பத்தினரை ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். பட்டியலில் சேர்ப்பது தானாக இந்தியாவைக் கட்டுப்படுத்தாது, டெல்லி தனியே ஒப்புதல் தர வேண்டும். 2020இல் அப்படி ஏழு வேதிப்பொருள்களுக்கு ஒப்புதல் தந்தார்கள். அந்த ஏழில் இந்தக் குடும்பத்தின் ஓர் உறுப்பினர்கூட இல்லை. அவர் பேரலில் விற்கும் சி-6 இந்த உலகப் பட்டியலிலும் இல்லை.

கட்டத்தில் ‘சப்ளையரிடம் திருப்பப்பட்டது’ என்று எழுதினேன். ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. பையருக்குத் திருப்தி. அந்த சீசன் ஷூக்கள் லேபில் சுத்தமாகத் தேறிக் கப்பல் ஏறின. நான் இதுவரை பார்த்த காகிதங்களிலேயே மிகச் சுத்தமான காகிதம் அது. அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது என் தலையில் ஓடியது ஒன்றே ஒன்று. இந்தப் பேரலுக்கு ஒரு முகவரி உண்டு, அது நம் வீட்டுக் கூடம்.

இந்த மாவட்டத்துக்கு இது பழக்கப்பட்ட ஏற்பாடு. தோல் வெளிநாடு போகும், தோலைப் பதப்படுத்தியது இங்கே தங்கும். 1995இல் மூடிய குரோமேட் தொழிற்சாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் விட்டுப்போன குரோமியக் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல். மழை பெய்தால் அந்தப் பக்கம் தண்ணீர் மஞ்சளாக ஓடும். டேனரிக் கழிவால் பாலாற்றங்கரைக் கிணறுகள் உப்பாகிப் போனதால்தான் வேலூர் குடிமக்கள் நலச் சங்கத்தின் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1996இல் தீர்ப்பு வந்தது. கெடுத்தவனே செலவைக் கட்ட வேண்டும், ஆபத்து முழுசாக நிரூபணம் ஆகும்வரை காத்திருக்கக் கூடாது என்ற இரண்டும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது இந்த ஆற்றை வைத்துத்தான். சட்டம் படிக்கிற பிள்ளைகள் நாடு முழுக்க எங்கள் ஊர்ப் பெயரைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் அந்த வழக்குக்குச் சாட்சிகள் இருந்தன. மஞ்சள் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் காட்டலாம். டேனரி நாற்றத்தை பஸ் கண்ணாடி திறந்தவர் எல்லோரும் சாட்சி சொல்வார்கள். பிஃபாஸுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கிணற்றங்கரைக்குக் கூட்டிப்போய்க் காட்ட எதுவும் இல்லை.

கூடத்தில் என்ன நடக்கிறது?

சோஃபா துணியில் அடித்தது எப்படித் தூசியில் வரும் என்று என் அண்ணன் கேட்டான். நியாயமான கேள்வி. துணிக்கும் தோலுக்கும் அடிக்கும் இந்த ரிப்பெல்லண்ட்கள் பெரும்பாலும் நீண்ட பாலிமர்கள். சீப்பில் பற்கள் நீட்டிக்கொண்டிருப்பதைப் போல ஒரு முதுகெலும்பிலிருந்து ஃப்ளோரின் கைகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரைத் தள்ளுவது அந்தக் கைகள்தான். உட்கார்ந்து எழ, துடைக்க, வெயில் பட நூலிழை தேயும், கூடவே பூச்சும் தேயும். சில கைகள் நாளடைவில் கழன்றும் போகும். தயாரிக்கும்போது சரியாகச் சேராமல் மிஞ்சிய சிறு மூலக்கூறுகள் ஆவியாகி அறைக் காற்றில் கலக்கும். அவற்றைச் சுவாசித்தால் உடம்பே அவற்றின் ஒரு பகுதியைப் பிஎஃப்ஓஏ போன்ற அமிலங்களாக மாற்றிக்கொள்ளும். காற்றில் கலந்ததும் தேய்ந்து விழுந்ததும் கடைசியில் படிவது தூசியில். நம் தோல் செதில், முடி, பஞ்சு, வெளியிலிருந்து செருப்போடு வந்த மண், கரப்பான் கால், அடுப்புப் புகை எல்லாம் சேர்ந்த கலவை அது. வெளியே கிடந்தால் வெயிலும் மழையும் பல பொருள்களைச் சிதைக்கும். வீட்டுக்குள் அந்த வசதி இல்லை. அதனால் வீட்டுத் தூசி என்பது அந்த வீடு என்னென்ன வாங்கியது என்பதன் பதிவேடு. என் ஃபைல்களைவிட நேர்மையான பதிவேடு.

இதை முதலில் கவனித்தவர்களில் ஜப்பானியர்கள் உண்டு. 2003இல் வேக்குவம் கிளீனர் பையைக் கொட்டி அளந்து பார்த்தார்கள், பிஎஃப்ஓஎஸ்ஸும் பிஎஃப்ஓஏவும் இருந்தன. 2005இல் கனடாவின் ஒட்டாவா நகரில் 67 வீடுகள். 2008இல் வந்த அமெரிக்க ஆய்வு 112 தூசி மாதிரிகளை எடுத்துக்கொண்டது, 2000–01இல் ஒஹாயோவிலும் வட கரோலினாவிலும் வீடுகளிலும் குழந்தைகள் காப்பகங்களிலும் சேகரித்தவை. அதில் நடு எண்கள் ஒரு கிராம் தூசிக்குப் பிஎஃப்ஓஎஸ் சுமார் 200 நானோகிராம், பிஎஃப்ஓஏ சுமார் 140.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெரியவர்களுக்குத் தூசி முக்கியமான வழி இல்லை. சாப்பாடும், மாசுபட்ட ஊர்களில் குடிதண்ணீரும்தான் பெரிய வழி. தூசி பூதாகரமாவது தரையில் வாழும் மனிதர்களுக்கு. அதாவது தவழும் குழந்தைகளுக்கு.

அண்ணன் காட்பாடியில் புது வீடு கட்டினான். ஹாலுக்கு வெளிர் சாம்பல் நிறத்தில் எல் வடிவ சோஃபா, கீழே அதே நிறத்தில் கார்ப்பெட். கடைக்காரர் டெலிவரி அன்று ஒரு டம்ளர் தண்ணீரைச் சோஃபா மேல் சாய்த்துக் காட்டினாராம். தண்ணீர் மணி மணியாக உருண்டு ஓடியதை அண்ணி வீடியோ எடுத்து வைத்திருக்கிறாள். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் அந்த வித்தை காட்டப்பட்டது. என்னிடமும் காட்டினார்கள். தோலில் அதே மணியைப் பார்த்து ‘பாஸ்’ போடுவது எங்கள் கம்பெனியில் தினசரி வேலை என்பதால், எனக்கு வாய் வரைக்கும் வந்தது. விசேஷ வீட்டில் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அந்த சோஃபாவில் அடித்தது ஃப்ளோரின் சரக்கா, சிலிக்கோனா, மெழுகா என்று உருளும் நீர்மணியை வைத்துச் சொல்ல முடியாது. மூன்றிலும் தண்ணீர் உருளும். எண்ணெயையும் தள்ளுவது ஃப்ளோரின் மட்டும். ‘டீ, குழம்பு எது கொட்டினாலும் ஒட்டாது’ என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். எனக்குக் குழம்பு என்ற சொல்தான் இடித்தது. குழம்பில் எண்ணெய் மிதக்கும்.

அண்ணன் மகளுக்கு அப்போது பத்து மாசம். அத்தை வந்தால் தவழ்ந்து வந்து காலைப் பிடிப்பாள். வழியில் கார்ப்பெட்டைத் தட்டுவாள், சோஃபா விளிம்பைக் கடிப்பாள், விரல் ஐந்தையும் வாயில் வைப்பாள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் நிறுவனத்தின் 2011 கையேட்டில், ஒன்று முதல் ஆறு வயதுவரை உள்ள குழந்தை ஒரு நாளைக்குச் சுமார் 60 மில்லி கிராம் வீட்டுத் தூசி விழுங்குவதாகக் கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். பெரியவர்களுக்கு அதில் பாதி. ஒரு வாரத்துக்கு 420 மில்லி கிராம், அரை கிராமுக்கும் குறைவு. சின்ன விஷயம் என்றுதான் தோன்றும். அந்த அமெரிக்க ஆய்வின் தூசியை இதில் பெருக்கிப் பாருங்கள். கிராமுக்கு இரண்டும் சேர்த்து 340 என்றால் வாரத்துக்கு 140 நானோகிராமுக்கு மேல் வரும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் நான்கு பிஃபாஸ்களுக்குச் சேர்த்து வைத்த தாங்கும் வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு வாரத்துக்கு 4.4 நானோகிராம். பத்துக் கிலோக் குழந்தைக்கு 44. ஆக, சாப்பாட்டையும் பாலையும் தண்ணீரையும் சேர்க்காமலே, தூசி மட்டும் வரம்பைப் போல மூன்று மடங்கு. இது இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய, கார்ப்பெட் போட்ட அமெரிக்க வீட்டின் கணக்கு. காட்பாடி வீட்டின் கணக்கு அல்ல. ஆனால் காட்பாடி வீடு எந்த வீட்டைப் பார்த்துக் கட்டப்பட்டது?

அந்த வரம்பை எதை வைத்து நிர்ணயித்தார்கள் என்பது கூடுதலாக உறுத்தும். புற்றுநோயை வைத்து அல்ல, தடுப்பூசியை வைத்து. பிஃபாஸ் அதிகம் உள்ள குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டபின் எதிர்ப்பொருள் குறைவாகவே உருவாகிறது. 2012இல் ஃபாரோ தீவுக் குழந்தைகளிடம் டெட்டனஸ், டிப்தீரியா இரண்டுக்கும் இதைக் காட்டினார்கள். புற்றுநோய்க் கதை தனி. மேற்கு வர்ஜீனியாவில் டெஃப்லான் ஆலையைச் சுற்றி வாழ்ந்த சுமார் 69,000 பேர் ரத்தம் கொடுத்து நடந்த ஆய்வு, சிறுநீரகப் புற்று, விரைப் புற்று, தைராய்டு நோய், அதிகக் கொலஸ்ட்ரால் உட்பட ஆறு நோய்களோடு பிஎஃப்ஓஏவுக்குத் தொடர்பு இருக்க வாய்ப்பு அதிகம் என்றது. 2023இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை பிஎஃப்ஓஏவை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் வரிசையில் வைத்தது. இவை எல்லாம் முதன்மையாக அந்த எட்டு கார்பன் வகையின் கதைகள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆறு கார்பன் அதைவிடச் சாது என்பது சப்ளையர் ஆளின் வாதம். எட்டு வந்தபோதும் அதைச் சாது என்றுதான் விற்றார்கள்.

தொடப்பம் பற்றிய ஒரு சண்டை

எங்கள் ஆயா வீடு சிமென்ட் தரை. சிவப்புக் காவி கலந்து மெழுகியது, நாள் தவறாமல் ஈரத் துணியால் துடைத்தது. பாய், மர பெஞ்சு, திறந்த ஜன்னல். தூசி நிறைய வரும், ஆனால் அது ஆற்று மணலும் சாணப்பொடியும். பழைய வீடுதான் நல்லது என்று நான் பாட்டுப் பாட வரவில்லை. அந்த வீட்டில் விறகடுப்புப் புகையில் ஆயா இருமிய இருமல் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. புகையை விட்டு வெளியே வந்தது பெரிய விஷயம். ஏசி போட்டு ஜன்னலை மூடிய வீட்டில் உள்ளே பிறந்த தூசி உள்ளேயே சுற்றும் என்பதை மட்டும் சொல்ல வேண்டும்.

அண்ணனிடம் ஒரு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ‘நீ தினமும் அந்தக் காகிதத்தையே பாக்கறதால உனக்கு எல்லாத்துலயும் விஷம் தெரியுதும்மா’ என்றான். அண்ணி வேறு ஆள். கணக்கைப் போட்ட தாளை வாங்கிப் பார்த்தாள். கார்ப்பெட்டைச் சுருட்டி மாடிப் பரணில் போட்டுவிட்டாள். வீட்டுவேலைக்கு வரும் அக்கா பூந்தொடப்பத்தால் உலர்ந்த தரையை வீசிப் பெருக்குவதை நிறுத்தச் சொன்னபோதுதான் உண்மையான சண்டை வந்தது. ‘பெருக்காம தொடச்சா சேறாகும்மா, நான் எத்தினி வருஷமா பெருக்கறேன்’ என்றார் அவர். அவர் சொல்வதும் சரி, வேலூர்த் தூசிக்கு ஒரு துடைப்பு போதாது. உலர்ந்து பெருக்கினால் மண் போகும், மென்மையான தூசி எழும்பிக் கொஞ்ச நேரத்தில் மறுபடி அங்கேயே இறங்கும். அதனால் மெதுவாக, தரையோடு தரையாகப் பெருக்கிவிட்டு, இரண்டு தடவை ஈரத் துணி. குழந்தை சாப்பிடும் முன்னால் கை கழுவுதல். ஜன்னல் திறப்பு. இவை எல்லாம் உதவும். ஆனால் பக்கெட்டில் பிழிந்த தண்ணீர் சாக்கடைக்குத்தான் போகிறது, சாக்கடை போகும் இடம் எல்லோருக்கும் தெரியும். வீட்டிலிருந்து வெளியேறியது, உலகத்தை விட்டு வெளியேறவில்லை. துடைப்பது குழந்தைக்கு நல்லது, பாலாற்றுக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. இந்தச் சரக்கை நிறுத்த முடிகிற இடம் பேரல்தான்.

இன்னொன்றையும் யாரும் பேசுவதில்லை. தோல் ஃபினிஷிங்கில் ஸ்ப்ரே அடிப்பவர், பஃபிங் மெஷினில் நிற்பவர், இவர்கள் போட்ட சட்டையோடுதான் வீட்டுக்குப் போகிறார்கள். ஸ்வீடனில் பனிச்சறுக்குக் கட்டைக்கு ஃப்ளோரின் மெழுகு பூசும் ஆட்களின் ரத்தத்தில் பிஎஃப்ஓஏ பொதுமக்களைவிடப் பல மடங்கு இருந்ததாக அளந்திருக்கிறார்கள். அவர்கள் சீசனுக்கு மட்டும் வேலை செய்பவர்கள். நம் ஆட்கள் வருஷம் முழுக்க. அந்தச் சட்டையை உதறும் கூடத்திலும் ஒரு குழந்தை தவழும்.

எனக்கு வேலை தெரிந்தது காகிதத்தில்தான், ஆகவே காகிதத்தில் ஏதாவது செய்யப் பார்த்தேன். பையர் எங்களிடம் வாங்கும் உறுதிக் கடிதத்தை அப்படியே எடுத்து, கம்பெனிப் பெயரை நீக்கி, தமிழில் ஒரு பக்கமாக எழுதினேன். இந்தப் பொருளில் ஃப்ளோரின் உள்ள நீர் விலக்கி சேர்க்கப்பட்டிருக்கிறதா, ஆம் அல்லது இல்லை. சேர்த்திருந்தால் அதன் பெயர். கீழே கையெழுத்து, கடை முத்திரை. ஐரோப்பாவில் ஷூ வாங்கும் ஒருவருக்காக இருபது இணைப்புகளோடு கிடைக்கும் பதிலில், நான் கேட்டது ஒரே ஒரு டிக். சப்ளையர் ஆளிடம் முதலில் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார். ‘எக்ஸ்போர்ட்டுக்குன்னா நாளைக்கே போட்டுத் தரேன் மேடம். லோக்கலுக்கு யாரும் கேட்டதே இல்லையே’ என்றார். கேட்டால் தருவீர்களா என்றதற்கு, நாலு பெரிய கடை கேட்டால் கம்பெனி தந்துதான் ஆக வேண்டும் என்றார். அவர் சொன்னதில் எனக்குப் பிடித்த ஒரே வாக்கியம் அது.

அப்புறம் அண்ணன் சோஃபா வாங்கிய கடைக்கு அதே தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீல டிக் உடனே விழுந்தது. மறுநாள் பதில் வந்தது: ஆடித் தள்ளுபடி விலைப்பட்டியல், கூடவே ‘ஃப்ரீ ஸ்டெயின் கார்ட் கோட்டிங்’ என்று ஒரு வரி. நான் கேள்வியை மறுபடி அனுப்பியிருக்கிறேன். அண்ணியும் அவள் நம்பரிலிருந்து அனுப்பியிருக்கிறாள். இதைப் படிப்பவர்களில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்ப் பக்கம் சோஃபாவோ ஸ்கூல் ஷூவோ வாங்கப் போகிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள், அந்த ஒரு பக்கத்தை உங்களுக்கும் அனுப்புகிறேன்.